இரண்டு கையெழுத்து, ஒரே வரிக்கணக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எங்கள் வகுப்பில், "சி.என்.சி. பத்தி எழுதுடா, இல்லாட்டி வெல்டிங் பத்தி எழுது" என்றார்கள். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் நான் எழுதப் போவது வருமான வரி பற்றி. அதுவும் அமெரிக்காவின் வருமான வரி பற்றி. "இவனுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் ஒரு ரூபாய் வருமான வரி கட்டியதில்லை. காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆளும் நான்தான். அதனாலேயே இந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு போன்

சத்தியமங்கலத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான பூமி. மல்லிகைதான் பயிர். காலையில் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் மொட்டுப் பறிக்கப் போவார்கள். நானும் லீவு நாளில் போவேன். பூ மார்க்கெட்டில் விலை ஏறினால் வீட்டில் சிரிப்பு. இறங்கினால் செண்ட் ஃபேக்டரிக்காரர் எடுத்தால் போதும் என்கிற நிலைமை.

என் அக்கா பிளஸ் டூவோடு நின்றுவிட்டாள். அவளுக்கு 2024 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் அத்தை மகன்தான். மச்சானும் நம்மைப் போல் பாலிடெக்னிக்கில் படித்தவர். டிப்ளமா முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்து, இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மோட்டார் கம்பெனி வேலையில் இருக்கிறார். எச்-1பி விசா. அக்கா 2024 நவம்பர் 15ஆம் தேதி எச்-4 விசாவில் போய்ச் சேர்ந்தாள்.

2025ஆம் வருஷம் பங்குனி மாசம். பண்ணாரி குண்டத்துக்கு நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். அங்கே பகல் பதினொன்றரை.

"தம்பி, சாப்டாச்சா?"

"ஆச்சுக்கா. என்ன இந்நேரத்துல?"

"உங்க மச்சான் வரிக் கணக்குப் போடறாங்கடா. நானும் கையெழுத்துப் போடோணுமாமா. எனக்குத்தான் இங்க சம்பளமே இல்லையே, நான் எதுக்குப் போடோணும்?"

பக்கத்தில் இருந்த அப்பா போனை வாங்கி, "கண்ணு, எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத. பொறு" என்றார். அவர் முகம் மாறிவிட்டது.

காரணம் இருக்கிறது. நான் நாலாவது படிக்கும்போது அப்பா தெரிந்த ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கினவர் ஊரை விட்டுப் போய்விட்டார். கடன் கொடுத்தவர்கள் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பாதிப் பணமல்ல, மொத்தப் பணமும் வட்டியும் அப்பாதான் கட்டினார். ஆறு வருஷம் பூ விற்ற காசு அதற்கே போயிற்று. அக்கா பிளஸ் டூவோடு நின்றது அந்த ஆறு வருஷத்தில்தான்.

"நீதான் படிக்கறயே, அது என்ன பேப்பர்னு பார்த்துச் சொல்லு" என்று அப்பா என்னிடம் சொன்னார். அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்., வெளிநாட்டவருக்கென்றே 519 என்ற எண்ணில் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் அதைப் படித்தேன். புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். நம்மில் பல பேருடைய அக்கா தங்கைகள் வெளிநாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறார்கள். நாளைக்கு நாமே போகலாம்.

நம் நாட்டில் கூட்டுக் கணக்கு உண்டா?

இல்லை. இந்தியாவில் 1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டு வந்தார். இன்று கணவனுக்கு ஒரு பான் நம்பர், மனைவிக்கு ஒரு பான் நம்பர். அவரவர் வருமானம் அவரவர் கணக்கு. 1961ஆம் வருஷச் சட்டத்திலும் கணவன் மனைவி கூட்டு ரிட்டர்ன் இல்லை, அதற்குப் பதிலாக 2025இல் நிறைவேறிய புதிய சட்டத்திலும் இல்லை. இந்து கூட்டுக் குடும்பம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அது தனியாக ஒரு வரிதாரர். கணவன் மனைவி சேர்ந்து போடும் கணக்கு ஆகாது.

வரியைக் குறைக்க, கணவன் தன் பணத்தைச் சும்மா மனைவி பேருக்கு மாற்றி வைத்தால், அதிலிருந்து வரும் வருமானத்தைக் கணவன் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். ஒரு விதிவிலக்கு கோவாவில் உண்டு. போர்த்துக்கீசிய சிவில் சட்டம் பொருந்துகிற தம்பதிகளுக்குச் சம்பளம் தவிர்த்த வருமானத்தைப் பாதிப்பாதியாகப் பிரிப்பார்கள். அப்போதும் ரிட்டர்ன் தனித்தனிதான்.

ஆகவே அப்பா பயந்ததில் தப்பில்லை. சம்பாதிக்காத மனைவி வரிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது நம் ஊரில் கேள்விப்படாத விஷயம்.

அமெரிக்காவில் ஏன் வந்தது?

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. டெக்சாஸ், கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில், கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது இருவருக்கும் பொது என்று சட்டம். அப்படியானால் கணவன் சம்பளத்தில் பாதி மனைவியுடையது அல்லவா? இருவரும் பாதிப்பாதி காட்டினால் வரி குறையும். இது செல்லும் என்று 1930இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மற்ற மாநிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே சம்பளம், ஒரே நாடு, வரி மட்டும் வேறா என்று சத்தம் எழுந்தது. கடைசியில் 1948இல் நாடு முழுவதற்கும் சேர்த்துச் சட்டம் போட்டார்கள். எந்த மாநிலமானாலும் கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்குப் போட்டு, வருமானத்தை இருவருக்கும் பங்கிட்டது போன்ற பலனை அடையலாம் என்று ஆயிற்று.

ஜெர்மனியில் இதே மாதிரி பங்கிடும் முறை 1958இல் வந்தது. இங்கிலாந்தில் கதை நேர் எதிர். 1990 வரை மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகவே வைத்து வரி போட்டார்கள். 1990 ஏப்ரலிலிருந்துதான் அங்கே மனைவியும் தனி வரிதாரர் ஆனாள். ஒவ்வொரு நாடும் குடும்பத்தை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

டிசம்பர் 31 எனும் நாள்

நமக்கு நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அவர்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த ஏப்ரல் 15க்குள் கணக்கைப் போட வேண்டும். டிசம்பர் 31ஆம் தேதி ஒருவர் கல்யாணம் ஆனவராக இருந்தால், அந்த வருஷம் முழுவதும் கல்யாணம் ஆனவர் என்றே கணக்கு. ஆவணியில் தாலி கட்டின மச்சானும் 2024 முழுவதும் கல்யாணம் ஆனவர். ஆகையால் "தனி ஆள்" என்று அவர் கணக்குப் போட முடியாது. அவருக்கு இருந்தது இரண்டு வழி. ஒன்று, கல்யாணமானவர் தனியாகப் போடும் கணக்கு. இன்னொன்று, கூட்டுக் கணக்கு.

அக்கா அங்கே 'ரெசிடென்ட்' ஆனாளா?

இங்கேதான் சிக்கல். புதிதாக வந்து இறங்கின மனைவியை வரிச் சட்டம் உடனே ரெசிடென்ட் என்று ஏற்காது. கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு ஒரு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் குறைந்தது 31 நாள் அங்கே இருக்க வேண்டும். அதோடு, இந்த வருஷத்து நாட்கள் முழுவதும், போன வருஷத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தின வருஷத்து நாட்களில் ஆறில் ஒரு பங்கு, இந்த மூன்றையும் கூட்டினால் 183 வர வேண்டும்.

அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். நவம்பரில் 16 நாள், டிசம்பரில் 31 நாள், மொத்தம் 47. முந்தின வருஷங்களில் சைபர். 183 வரவில்லை. ஆகவே 2024க்கு அவள் நான்-ரெசிடென்ட். இதுவே ஒரு பெண் ஜூலை 2ஆம் தேதிக்குள் போய் இறங்கி வருஷக் கடைசி வரை அங்கேயே இருந்தால் சரியாக 183 நாள் வந்துவிடும்.

கணவனோ மனைவியோ ஒருவர் நான்-ரெசிடென்டாக இருந்தால் கூட்டுக் கணக்குப் போட முடியாது என்பது பொது விதி. ஆனால் அதற்கு ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். வருஷக் கடைசியில் இருவரில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாகவோ ரெசிடென்டாகவோ இருந்தால், மற்றவரையும் அந்த வருஷம் முழுவதற்கும் ரெசிடென்டாக வைத்துக்கொள்ளும்படி இருவரும் சேர்ந்து கேட்கலாம். அதற்கென்று தனி ஃபாரம் இல்லை. இருவர் பெயர், விலாசம், அடையாள எண், "எங்களை இப்படி நடத்துங்கள்" என்ற வாசகம், இருவர் கையெழுத்து. இவ்வளவும் உள்ள ஒரு தாளை முதல் கூட்டுக் கணக்கோடு இணைக்க வேண்டும். அக்காவிடம் நீட்டின பேப்பர்களில் ஒன்று இதுதான்.

வருஷ நடுவில் ரெசிடென்ட் ஆகிறவர்களுக்கும், அதாவது ஜூலைக்கு முன்பே போய் இறங்குகிறவர்களுக்கும், இதே மாதிரி இன்னொரு விதி உண்டு. அந்தச் சலுகையை ஆயுளில் ஒரு தரம்தான் கேட்க முடியும்.

அக்கா கேட்ட சலுகை வருஷா வருஷம் தானாகத் தொடரும். ஆனால் ஒரு தரம் அதை ரத்து செய்துவிட்டால், இருவரில் யாரும் பிறகு எப்போதும் அதை மறுபடி கேட்க முடியாது. ஆகவே யோசித்துத்தான் போட வேண்டும்.

காசுக் கணக்கு

சரி, இத்தனை சிரமம் எதற்கு? மச்சானுடைய சம்பளத்தை மலரில் போடுவது மரியாதை இல்லை. 80,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு விஷயம். வரிப் படிக்கட்டு பற்றி நம்மில் பலருக்கும் தப்பான எண்ணம் உண்டு. 22 சதவீதப் படிக்குப் போய்விட்டால் மொத்தச் சம்பளத்துக்கும் 22 சதவீதம் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. நாம் லேத்தில் ஸ்டெப் டர்னிங் செய்கிறோமே, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு டயாமீட்டர். அது போல ஒவ்வொரு படியில் விழுகிற தொகைக்கு மட்டும் அந்தப் படியின் விகிதம்.

2024ஆம் வருஷத்தில் கல்யாணமானவர் தனியாகக் கணக்குப் போட்டால், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்கிற கழிவு 14,600 டாலர். மீதி 65,400. இதில் முதல் 11,600க்கு 10 சதவீதம், அதாவது 1,160. அடுத்து 47,150 வரைக்குமான 35,550க்கு 12 சதவீதம், அதாவது 4,266. மிச்சம் 18,250க்கு 22 சதவீதம், அதாவது 4,015. கூட்டினால் 9,441 டாலர்.

கூட்டாகப் போட்டால் கழிவு இரட்டிப்பு, 29,200 டாலர். மீதி 50,800. படிகளும் இரட்டிப்பு அகலம். முதல் 23,200க்கு 10 சதவீதம், 2,320. மிச்சம் 27,600க்கு 12 சதவீதம், 3,312. கூட்டினால் 5,632 டாலர்.

வித்தியாசம் 3,809 டாலர். நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுபடி ஒரு தரம் போட்டுக் காட்டச் சொன்னார். 2025ஆம் வருஷத்துக்கு இந்தக் கூட்டுக் கழிவை 31,500 டாலராக உயர்த்தினார்கள்.

நம்பர் இல்லாத மனைவி

கணக்கில் மனைவிக்கும் ஒரு நம்பர் வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் உண்டு. எச்-4இல் போகிற மனைவிக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை, ஆகவே அந்த நம்பரும் இல்லை. கணவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்று 2015இல் ஒரு விதி வந்தது. மச்சான் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்காக 1996இல் ஐ.டி.ஐ.என். என்று ஒரு நம்பரைக் கொண்டு வந்தார்கள். ஒன்பது இலக்கம், 9இல் ஆரம்பிக்கும். வரிக்கு மட்டும்தான் அது. அதை வைத்து வேலைக்குப் போக முடியாது. டபிள்யூ-7 என்ற ஃபாரத்தை நிரப்பி, வரிக் கணக்கோடு சேர்த்து டெக்சாஸில் உள்ள ஆஸ்டின் நகரத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே பாஸ்போர்ட் அசல், அல்லது பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகமே சான்று செய்த நகல். சாதாரண நோட்டரி முத்திரை செல்லாது. பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பப் பயந்தால் ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த முகவர்களிடம் நேரில் காட்டலாம். அக்கா அப்படித்தான் செய்தாள். மூன்று வருஷம் தொடர்ந்து வரிக் கணக்கில் பயன்படுத்தாவிட்டால் அந்த நம்பர் காலாவதி ஆகிவிடும்.

சத்தியமங்கலத்து டெபாசிட் மிச்சிகனுக்குப் போன கதை

இப்போது முக்கியமான இடம். ரெசிடென்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டால், உலகத்தில் எங்கே வந்த வருமானமானாலும் காட்ட வேண்டும். கணவனுக்கும் சரி, மனைவிக்கும் சரி.

அக்கா பேரில் எங்கள் ஊர் பேங்கில் மூன்று லட்ச ரூபாய் டெபாசிட் இருந்தது. 2024 பொங்கல் சமயத்தில் பூ விலை நல்லபடியாக இருந்தபோது அப்பா போட்டது. அந்த வருஷம் வந்த வட்டி சுமார் 20,000 ரூபாய். இந்தியாவில் அதற்கு வரி கிடையாது, வரம்புக்குக் கீழே. ஆனால் அமெரிக்கக் கணக்கில் எழுத வேண்டும்.

இதை நான் சொன்னதும் அக்கா தயங்கினாள். "கணக்குப் பார்க்கறவர் அதெல்லாம் எழுத வேண்டாம்னு சொன்னாராம் தம்பி. அங்க இருக்கற பணம் இவங்களுக்கு எப்படித் தெரியும்கறாரு."

எப்படித் தெரியும் என்றால், 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அமெரிக்க வரிவாசிகளின் கணக்கு விவரத்தை நம் பேங்குகள் அரசாங்கம் வழியாக அங்கே தெரிவிக்க வேண்டும். பேங்கில், "வேறு நாட்டில் வரி கட்டுகிறவரா?" என்று ஒரு கேள்வி உள்ள ஃபாரம் கொடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். இது போக, வெளிநாட்டில் பேங்க் கணக்கு இருக்கிறதா என்று அவர்கள் ஃபாரத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. வட்டியை மறைத்தால் அந்தக் கேள்விக்கும் பொய் எழுத வேண்டும். அங்கே ரெசிடென்ட் ஆனவருடைய வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அதைத் தனியாக வேறு தெரிவிக்க வேண்டும். அக்காவுடையது அவ்வளவு இல்லை.

இன்னும் சில விஷயம். கல்யாணத்துக்குப் போட்ட நகையும் சீரும் வருமானம் அல்ல, அதற்கு வரி இல்லை. ஆனால் பூமி ஒரு பெண்ணின் பேரில் இருந்து, அதன் வருமானம் அவளுக்கு வந்தால், இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே என்று சும்மா இருக்க முடியாது. அமெரிக்கக் கணக்கில் அதுவும் வரும். இந்தியாவில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால், அதே வருமானத்துக்கு அங்கே இரண்டாம் தரம் கட்டாமல் கழித்துக்கொள்ள வழி உண்டு. இரண்டு நாட்டுக்கும் 1989 செப்டம்பரில் கையெழுத்தான வரி ஒப்பந்தமும் இருக்கிறது.

வட்டி 20,000 ரூபாய் என்பது சுமார் 239 டாலர். 12 சதவீதப் படியில் அதற்கு வரி சுமார் 29 டாலர். மூவாயிரத்து எண்ணூறு டாலர் மிச்சமாகிற இடத்தில் 29 டாலரை மறைக்க ஒரு பொய்க் கையெழுத்து வேண்டுமா? இதைத்தான் அக்காவிடம் கேட்டேன்.

ஜாமீன் மாதிரியா?

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கூட்டுக் கணக்கில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு மேலே ஒரு வாசகம் இருக்கிறது. இதில் எழுதியது எங்களுக்குத் தெரிந்தவரை உண்மை, பொய்யானால் தண்டனை உண்டு என்று அறிவோம் என்பது அதன் பொருள். சம்பளமே வாங்காத மனைவியும் அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறாள்.

அந்தக் கணக்கில் வரி பாக்கி வந்தாலோ, அபராதம் வந்தாலோ, இருவருமே சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பாதி அல்ல, முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். பிறகு விவாகரத்து ஆகி, கோர்ட்டில் "வரியைக் கணவனே கட்டட்டும்" என்று எழுதிக் கொடுத்தாலும் அது வரித்துறையைக் கட்டுப்படுத்தாது. தப்பு நடந்தது தனக்குத் தெரியாது, தெரிய நியாயமும் இல்லை என்று நிரூபிக்கிற துணைக்கு நிவாரணம் உண்டு. 8857 என்ற ஃபாரத்தில் கேட்க வேண்டும். ஆனால் கேட்டவுடன் கிடைப்பதல்ல.

ஆக, அப்பா சொன்னது சரிதான். இது ஒரு வகை ஜாமீன்தான். இதை நான் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பாவே கேட்டார்: "நான் போட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் சொன்னேன்: "நீங்க படிக்காமப் போட்டீங்கப்பா. அக்கா படிச்சுட்டுப் போடலாம்."

சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாகிவிட்டது. அப்பா மூன்றாவது வரை படித்தவர். அவரிடம் நீட்டினது இங்கிலீஷ் பேப்பர். அவர் எப்படிப் படித்திருப்பார்? ஆனால் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, அதுதான்" என்றார்.

தனியாகக் கணக்குப் போட்டால் மச்சான் 9,441 கட்டுவார், அக்காவுக்குப் பொறுப்பு ஒன்றும் இல்லை. கூட்டாகப் போட்டால் வரி குறையும், அக்காவும் பொறுப்பாளி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தனியாகப் போட்டதைப் பொதுவாக மூன்று வருஷத்துக்குள் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகப் போட்டதைக் கெடுத் தேதி முடிந்த பிறகு தனியாக மாற்ற முடியாது. ஆகவே சந்தேகம் இருக்கிறவர்கள் முதலில் தனியாகப் போட்டுவிட்டு நிதானமாக யோசிக்க இடம் இருக்கிறது. அவகாசம் வேண்டுமானால் ஏப்ரல் 15க்குள் விண்ணப்பித்து அக்டோபர் 15 வரை தள்ளிப் போடலாம். ஆனால் தள்ளிப் போவது கணக்குக் கொடுப்பது மட்டும்தான், வரிப் பணத்தை ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

என்ன நடந்தது?

அன்று ராத்திரி அக்கா மச்சானிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மச்சானே எனக்கு போன் செய்தார். எனக்குக் கை நடுங்கியது. "மச்சான், நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லடா மாப்ள. வட்டியை எழுதச் சொல்லிட்டேன். வேலை அவசரத்துல நானும் படிக்காமத்தான் ரெண்டு வருஷமா கையெழுத்துப் போட்டுட்டு இருந்தேன்" என்றார்.

பிறகு அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கணக்கின் ஒவ்வொரு வரியையும் அக்காவுக்குத் தமிழில் சொன்னார். சம்பளம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, கழிவு எவ்வளவு, திரும்ப வருவது எவ்வளவு என்று எல்லாமே. கல்யாணமாகி ஏழு மாசத்தில் தன் வீட்டு வரவு செலவு அன்றுதான் தனக்கு முழுசாகத் தெரிந்தது என்றாள் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு பேப்பரிலும் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு பின்குறிப்பும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் அப்பா வழக்கம் போல், டெபாசிட் வட்டியில் வரி பிடிக்காமலிருக்க 15ஜி ஃபாரத்தைக் கொடுக்கக் கிளம்பினார். அக்காவுக்குப் பதில் தானே கையெழுத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்டார். ஆகாது. அது மட்டுமல்ல, வெளிநாட்டில் குடியேறி இந்தியாவில் நான்-ரெசிடென்ட் ஆனவர்கள் அந்த ஃபாரத்தைக் கொடுக்கவே கூடாது. அவர்களுடைய சாதாரணக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதில் வரும் வட்டிக்கு பேங்க் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்கும். வருமானம் வரம்புக்குள் இருந்தால் இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். அக்காவுக்கு இந்தியாவில் ரிட்டர்ன் போடுகிற வேலையும் இப்போது என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நண்பர்களே,

நான் ஆடிட்டர் இல்லை. வரம்பும் விகிதமும் வருஷா வருஷம் மாறும், ஆகவே இதை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட்டு அனுப்பிவிடாதீர்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. நம் வீடுகளில் ஒரு பெண்ணிடம் பேப்பரை நீட்டினால், "இங்க போடு" என்று விரலால் இடத்தைக் காட்டுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதில்லை. கேட்டால், நம்பிக்கை இல்லையா என்பார்கள். நம்பிக்கை வேறு, படித்துப் பார்ப்பது வேறு. மச்சான் நல்லவர். ஆனாலும் அக்கா கேட்டாள், அவரும் சொன்னார். அதனால் அவர்களுக்குள் ஒன்றும் குறையவில்லை.

நாம் டிப்ளமா வாங்கி என்ன செய்யப் போகிறோம் என்று ஊரில் கேட்கிறார்கள். வேலை கிடைப்பது பிறகு. அதற்கு முன்னால், நம் வீட்டுக்கு வருகிற பேப்பரை எடுத்து வைத்து, அம்மா, அப்பா, அக்கா, தங்கைக்குப் புரிகிற மாதிரி படித்துச் சொல்வோம். எங்கள் அம்மா இன்னும் கைநாட்டுதான். போன மாசம் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அம்மா அதை அங்கே வைத்துக் கைநாட்டு வைக்காமல் மடித்து வீட்டுக்கு எடுத்து வந்து, "பையன் படிச்சுச் சொல்லட்டும், நாளைக்குக் கொண்டாறேன்னுட்டு வந்துட்டேன்" என்றாள்.

படித்துச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. மறுநாள் போய் வைத்துவிட்டு வந்தாள்.